எல்லோரும் விரும்பும் ஊரில் யார் குடியிருப்பது? வேல்ஸ் கிராமங்களின் கதை

வேல்ஸின் வடமேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது லீன் தீபகற்பம். அதன் தென்கரையில் அபர்சோக் என்று ஒரு சின்ன ஊர். 1924 முதல் நடந்துவந்த அந்த ஊர் ஆரம்பப் பள்ளியை 2021 டிசம்பரில் மூடிவிட்டார்கள். கடைசி வருடத்தில் அங்கே பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. பள்ளி மூடும் ஊர் என்றால் வறண்டுபோன, பிழைப்பற்ற ஊர் என்றுதான் நினைக்கத் தோன்றும். அபர்சோக் அப்படிப்பட்ட ஊரே இல்லை. அங்கே மணலை ஒட்டி நிற்கும் மரக்குடில்கள், மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இல்லாதவை, ஒன்றரை லட்சம் பவுண்டுக்கும் மேல் விலை போயிருக்கின்றன. கோடையில் படகுகளும் கார்களும் நெரிசலுமாக ஊர் நிறைந்துவிடும். நவம்பரில் போனால் தெருவில் பல வீடுகளில் விளக்கு எரியாது.

ஒரு கிராமம் தேய்வதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வேலை இல்லை, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வேல்ஸிலும் அது உண்டு. ஆனால் அங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஊரை வேண்டாம் என்று சொன்னவர்களால் வந்த இழப்பைவிட, ஊர் வேண்டும் என்று சொன்னவர்களால் வந்த இழப்பு பெரிது. கடலும் மலையும் பார்த்து மயங்கி, வருடத்தில் ஆறு வாரம் வந்து தங்க ஒரு வீடு வாங்குகிறவர்கள் யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை. இருந்தும் அப்படி ஒவ்வொரு வீடாகக் கைமாறும்போது ஊரில் ஒரு கணக்கு உடைகிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் வேல்ஸ் கிராம வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

முந்நூறு பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளி, தபால் நிலையத்தோடு சேர்ந்த ஒரு கடை, ஒரு பப், ஒன்றோ இரண்டோ சேப்பல் (சிறு கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடம்), ஒரு சமூகக் கூடம், ஒரு நாளைக்குச் சில முறை வரும் பேருந்து. இவை ஒவ்வொன்றும் வருடம் முழுக்க வருகிற கொஞ்சம் பேரை நம்பித்தான் ஓடுகின்றன. நான்கு குடும்பம் குறைந்தால் பள்ளியில் ஒரு வகுப்பே காலி. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் இல்லை என்றால் கடைக்குக் காலை வியாபாரம் இல்லை. கடை மூடினால், கார் ஓட்ட முடியாத வயதானவர்கள் பாலும் ரொட்டியும் வாங்க அடுத்த ஊருக்குப் போகவேண்டும். பேருந்தில் ஏறுகிறவர்கள் குறைந்தால் அடுத்த வருட அட்டவணையில் ஒரு நடை வெட்டப்படும். பள்ளி இல்லாத ஊருக்கு இளம் குடும்பம் எதுவும் குடிவராது. இப்படி ஒன்று சரிந்தால் மற்றதும் சரிகிறது. ஆகஸ்டில் வந்து குவியும் கூட்டம் கடைக்கும் பப்புக்கும் பணம் தரும். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அது ஒரு பெயரைக்கூடச் சேர்க்காது.

அன்றாட வாழ்க்கையே அங்கே பிறர் கையை எதிர்பார்த்துத்தான் இருக்கிறது. எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு எண்ணெய்த் தொட்டி இருக்கும். லாரி வந்து நிரப்பினால்தான் குளிர்காலத்தில் வீடு சூடாகும். பல ஊர்களில் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மொத்தமாக எண்ணெய் வாங்கி விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். சாலை ஒரு கார் மட்டும் போகும் அகலம்; எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி ஓட்டி வழிவிட வேண்டும். பெரிய மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கலாம். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் தாங்கிக்கொள்ள வைப்பது அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறார் என்ற தைரியம். அதனால்தான் பூட்டிய வீடு அங்கே வெறும் பூட்டிய வீடாக இருப்பதில்லை.

சரி, இது இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் நடக்கிறதே, வேல்ஸில் மட்டும் ஏன் இவ்வளவு கொதிப்பு? காரணம் மொழி, வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ்.

1911 மக்கள்தொகைக் கணக்கில் வெல்ஷ் பேசியவர்கள் 9,77,000 பேர், அதாவது நூற்றுக்கு 43 பேருக்கு மேல். 2021 கணக்கில் அது 5,38,000 ஆகிவிட்டது, நூற்றுக்கு 17.8 பேர். இந்தச் சராசரி ஒரு முக்கியமான விஷயத்தை மறைக்கிறது. தலைநகரம் கார்டிஃபில் வெல்ஷ் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் பெரும் ஆங்கிலக் கூட்டத்துக்கு நடுவே சிதறி இருக்கிறார்கள். லீன் தீபகற்பம் அடங்கிய க்வினெத் மாவட்டத்திலோ 64.4 சதவீதம் பேர் பேசுகிறார்கள். கடைக்காரரிடம் பால் கேட்பதும், மெக்கானிக்கிடம் பிரேக் சத்தத்தைப் பற்றிப் புலம்புவதும், ஆட்டுச் சந்தையில் பேரம் பேசுவதும் அங்கே வெல்ஷில்தான். மாவட்ட கவுன்சில் அலுவலகத்தின் உள்நிர்வாகமே அந்த மொழியில் நடக்கிறது. ஆனால் 2001 கணக்கில் இதே க்வினெத்தில் 69 சதவீதம் இருந்தது. இருபது வருடத்தில் நான்கரைப் புள்ளி இறங்கியிருக்கிறது.

சட்டத்தால் வந்த உரிமைகள் குறைவில்லை. 1967இலும் 1993இலும் மொழிச் சட்டங்கள் வந்தன. 1982இல் எஸ்4சி என்ற தனித் தொலைக்காட்சி வந்தது. 2011 சட்டம் வெல்ஷை அதிகாரபூர்வ மொழியாக்கியது. 2050க்குள் பத்து லட்சம் பேர் பேசவேண்டும் என்று வேல்ஸ் அரசு இலக்கு வைத்து வேலை செய்கிறது. இவையெல்லாம் பாடுபட்டு, சிறை சென்று வாங்கியவை. ஆனாலும் ஒரு மொழியைப் படிக்கப் பள்ளி போதும். யோசிக்காமல் பேச ஊர் வேண்டும். பப்பில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, மூன்றாவதாக வந்து உட்காருகிறவருக்கு வெல்ஷ் தெரியாது என்றால், மரியாதைக்காகப் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். சமூகக் கூடத்துக் கமிட்டியில் பத்துப் பேரில் ஒருவருக்குப் புரியாது என்றால் கூட்டமே மாறிவிடும். யாரும் தடை போடுவதில்லை, யாரும் சண்டை பிடிப்பதில்லை. நல்ல பழக்கத்தாலேயே மொழி பின்வாங்குகிறது. எழுபது, எண்பது சதவீதம் பேர் பேசும் ஊரில் புதிதாக வந்தவர் அதைக் கற்றுக்கொள்வார்; ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால் பழையவர்தான் மாறிக்கொள்வார். சதவீதக் கணக்கு பார்த்து வேல்ஸ்காரர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்படிப்பட்ட ஊர்கள் தங்களுக்காக உருவாக்கிக்கொண்டவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ‘பாபிர் ப்ரோ’ என்ற வட்டாரப் பத்திரிகைகளைச் சொல்லலாம். 1973இல் கார்டிஃபில் முதல் பத்திரிகை தொடங்கியது, பிறகு நாடெங்கும் பரவி இன்று ஐம்பதுக்கு மேல் வருகின்றன. எழுதுவது, பிழை பார்ப்பது, மடிப்பது, வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது எல்லாம் ஊர்க்காரர்கள்தான், சம்பளம் கிடையாது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தது, எந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியது, ஐஸ்தெத்வோட் என்ற கிராமக் கலைவிழாவின் கவிதைப் போட்டியில் யார் ஜெயித்தது என்பதெல்லாம் அதில் வரும். பாலா அருகே பார்க் என்ற சிற்றூரில் மகளிர் சங்கக் கிளை ஒன்று, தலைமை அமைப்பு ஆங்கிலத்தையே வற்புறுத்தியதால் 1967இல் பிரிந்து ‘மெர்கெட் அ வௌர்’ என்ற சொந்த அமைப்பைத் தொடங்கியது. அது இன்று வேல்ஸ் முழுவதும் கிளை பரப்பியிருக்கிறது. ஒரு சிற்றூர்ப் பெண்களின் பிடிவாதம் நாடு தழுவிய அமைப்பானது எனக்கு எப்போது நினைத்தாலும் உற்சாகம் தருகிற விஷயம்.

வீடு என்றதும் வேல்ஸ்காரர்களுக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு ட்ரவெரின் பள்ளத்தாக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். லிவர்பூல் நகரம் தன் தண்ணீர்த் தேவைக்காக அங்கே அணை கட்ட முடிவுசெய்தது. கேப்பல் கெலின் என்ற கிராமம் அதில் மூழ்க வேண்டியிருந்தது. பள்ளி, தபால் நிலையம், சேப்பல், கல்லறைத் தோட்டம் எல்லாம் சேர்த்து. ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். 1957இல் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தபோது வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. இருந்தும் சட்டம் நிறைவேறியது, 1965இல் ஊர் தண்ணீருக்குள் போனது. லிவர்பூல் நகரசபை 2005இல்தான் மன்னிப்புக் கேட்டது. ‘ட்ரவெரினை மறவாதே’ என்று லான்ரிஸ்டிட் அருகே இடிந்த சுவர் ஒன்றில் அந்தக் காலத்தில் எழுதியதை 2019இல் யாரோ சிதைத்தபோது, அதே வாசகத்தை இளைஞர்கள் வேல்ஸ் முழுக்கப் பல சுவர்களில் எழுதினார்கள். அப்புறம், 1979 இறுதி முதல் தொண்ணூறுகளின் தொடக்கம்வரை ‘மெய்பியன் க்ளிந்தூர்’ என்ற ரகசியக் குழு இருநூறுக்கும் மேற்பட்ட விடுமுறை வீடுகளுக்குத் தீ வைத்தது. அந்த வழியை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இப்போது அரசும் கவுன்சில்களும் சட்டத்தின் வழியே போகின்றன. க்வினெத்தில் பத்தில் ஒரு வீட்டுக்கு மேல் இரண்டாம் வீடாகவோ சுற்றுலா வாடகை வீடாகவோ இருக்கிறது. உள்ளூர் மக்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் சொந்த மாவட்டத்தில் வீடு வாங்க முடியாத நிலை என்று கவுன்சிலே கணக்கிட்டுச் சொன்னது. முதலில் வரியைத் தொட்டார்கள். இரண்டாம் வீட்டுக்கு வழக்கமான கவுன்சில் வரிக்கு, அதாவது வீட்டுக்காக உள்ளாட்சி வாங்கும் வரிக்கு, மேல் கூடுதலாக 100 சதவீதம்வரை வசூலிக்க 2017இல் அதிகாரம் வந்தது. 2023 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு 300 சதவீதமானது. க்வினெத் அந்த வருடம் 150 சதவீதம் என்று நிர்ணயித்தது. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பங்கு கட்டினால், வந்து போகிறவர் இரண்டரைப் பங்கு கட்ட வேண்டும்.

வரி ஏறியதும் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. வீட்டைச் சுற்றுலா வாடகைத் தொழில் என்று பதிவு செய்துகொண்டால் கவுன்சில் வரியே இல்லை, வணிக வரிக்குள் போய்விடலாம். சிறு தொழில் சலுகையில் அதுவும் பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும். முன்பு வருடத்துக்கு 70 நாள் வாடகைக்கு விட்டால் போதும் என்று இருந்ததை 2023 ஏப்ரலில் 182 நாளாக உயர்த்தினார்கள். அந்த ஓட்டையை அடைப்பதில் குறி சரியாக இருந்தது, ஆனால் அடி வேறு சிலர் மேலும் விழுந்தது. பண்ணையில் மாட்டுக்கொட்டகையை விடுதியாக மாற்றி, ஆட்டு வருமானம் பற்றாத குறையை ஈடுகட்டிவந்த உள்ளூர் விவசாயிக்கு, மழைக்காலத்திலும் சேர்த்து அரை வருடம் ஆள் பிடிப்பது லேசான காரியமில்லை. அந்தக் குறை இன்னும் பேசப்படுகிறது.

அடுத்த படி இன்னும் ஆழமானது. 2022 அக்டோபரில் வேல்ஸின் நிலப் பயன்பாட்டுத் திட்ட விதிகளில் வீடுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: ஒருவர் நிரந்தரமாக வசிப்பது, இரண்டாம் வீடு, குறுகிய கால வாடகை வீடு. ஒரு கவுன்சில் விரும்பினால், முதல் வகையிலிருந்து மற்ற வகைக்கு மாற அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கலாம். க்வினெத் அதை 2024 செப்டம்பர் 1 முதல் கொண்டுவந்தது. எதிர்ப்பு வெளியூர்க்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் வீட்டிலேயே இருக்கும் உள்ளூர்க் குடும்பங்களும் விலை இறங்கும் என்று பயந்தன. விவகாரம் நீதிமன்றம்வரை போனது.

வரியையும் அனுமதியையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் இவை வீட்டை விற்பனைக்குக் கொண்டுவர உதவும்; அதை வாங்க ஒரு இளம் தச்சருக்கோ செவிலியருக்கோ சம்பளம் ஏற்றித் தராது. லீன் தீபகற்பத்தின் நெவின் பகுதி மக்கள் தொடங்கிய இயக்கம் தனக்கு ‘சொந்த ஊரில் வாழும் உரிமை’ என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்த உரிமைக்கு வீடு ஒரு பாதி, வேலை மறு பாதி.

மறு பாதிக்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் கார்ல் க்ளோஸ் என்ற மருத்துவர். மான்செஸ்டரில் பிறந்த அவர் 1970 வாக்கில் குடும்பத்தோடு லீன் தீபகற்பத்தின் வாயிலில் உள்ள லனைல்ஹையர்ன் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பகுதிக்குச் சோறு போட்ட கருங்கல் குவாரிகள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர்ப் பள்ளியை மூடும் பேச்சும் எழுந்தது. ஊர்மக்கள் போராடிப் பள்ளியைக் காப்பாற்றினார்கள். அதோடு நிறுத்தவில்லை. பிள்ளைகள் இல்லாமல் பள்ளி நிற்காது, வேலை இல்லாமல் பிள்ளைகள் இருக்காது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1974இல் ‘அன்டிர் ஐல்ஹையர்ன்’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஊரே பங்குதாரர். மண்பாண்டம், பின்னலாடை என்று சிறு தொழில்கள் நடத்தினார்கள். பிரிட்டனில் ஒரு ஊர்ச் சமூகம் இப்படித் தொடங்கிய முதல் கூட்டுறவு அதுதான் என்கிறார்கள்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில், செங்குத்தான மலைச்சரிவின் அடியில், கடலைப் பார்த்து நான்ட் குர்தெய்ர்ன் என்ற குவாரிக் குடியிருப்பு பாழடைந்து கிடந்தது. லிவர்பூல், மான்செஸ்டர் தெருக்களுக்குப் பாவிய கற்களை ஒரு காலத்தில் அங்கேதான் வெட்டினார்கள். குவாரி மூடி, 1959இல் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. கதவும் ஜன்னலும் கூரையும் போய்ச் சுவர்கள் மட்டும் மிஞ்சின. க்ளோஸும் நண்பர்களும் அறக்கட்டளை அமைத்து 1978இல் அந்த ஊரையே வாங்கினார்கள். வீடு வீடாகச் சரிசெய்து, 1982இல் வெல்ஷ் கற்பிக்கும் உறைவிட மையமாகத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இதுவரை அங்கே தங்கிப் படித்திருக்கிறார்கள். இந்த மையம் உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் தருகிறது. மொழியைக் காப்பதும் ஊருக்கு வருமானம் தேடுவதும் வேறுவேறு வேலை என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே மலையின் மேல் முனையில் இருக்கும் லித்வைன் கிராமம், ஊர் பப் மூடியபோது 1988இல் பங்கு போட்டு அதைத் தானே வாங்கிக்கொண்டது. ‘டவார்ன் அ விக்’ என்ற அந்த பப் இன்றும் ஓடுகிறது. குடிப்பதற்கான இடம் என்பதோடு அது முடிவதில்லை. இசை நிகழ்ச்சி, வினாடிவினா, இரங்கல் கூட்டம், பேச்சுத் துணை எல்லாம் அங்கேதான். கைர்னார்வான் பக்கம் லான்டூரோக் கிராம மக்கள் 2021இல் இதே வழியில் நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் பங்குத் தொகை திரட்டி, சில வருடம் பூட்டிக் கிடந்த தங்கள் ஊர் பப்பை வாங்கித் திறந்தார்கள். பெருந்தொற்றின் மத்தியில், முகம் பார்த்துப் பேச முடியாத காலத்தில் அந்தப் பணம் சேர்ந்தது.

விவசாயத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. வேல்ஸ் முழுதும் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே வெல்ஷ் பேச, விவசாயத் தொழிலில் இருப்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பேசுகிறார்கள். பண்ணை கைமாறாமல் தலைமுறையாகத் தொடர்வதால் மொழியும் வீட்டோடு தங்குகிறது. மானியம் பெறப் பத்து சதவீத நிலத்தில் மரம் வேண்டும் என்ற திட்டம் வந்தபோது, 2024 மார்ச்சில் கார்டிஃப் சட்டமன்றப் படிக்கட்டில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸ்களை விவசாயிகள் வரிசையாக வைத்தார்கள். அத்தனை வேலை போகும் என்று அரசின் சொந்த ஆய்வே மதிப்பிட்டிருந்தது. பின்னர் அந்த நிபந்தனையை அரசு கைவிட்டது.

வெளியிலிருந்து வருகிறவர்களே பிரச்சினை என்று இதை முடித்துவிடுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். க்ளோஸே வெளியிலிருந்து வந்தவர்தான். க்வினெத்தில் 1984 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது: வெல்ஷ் தெரியாமல் குடிவரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சில வாரங்கள் தனி மொழி மையத்தில் சேர்த்து, பேசும் அளவுக்குத் தேற்றி, பிறகு ஊர்ப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகள் சீக்கிரமே உள்ளூர்ப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். ஒரு வகுப்பில் இரண்டு, மூன்று பேர் என்றால் இது அழகாக நடக்கும். வகுப்பில் பாதிப் பேர் என்றால் எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே வந்தவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, எத்தனை பேர் எவ்வளவு வேகத்தில் வருகிறார்கள், வந்தவர் குளிர்காலத்திலும் அங்கேயே இருக்கிறாரா, பிள்ளையை ஊர்ப் பள்ளியில் சேர்க்கிறாரா என்பதே முக்கியம்.

2022இல் வேல்ஸ் அரசு அமைத்த, சைமன் புரூக்ஸ் தலைமையிலான ஆணையம் 2024 ஆகஸ்டில் தந்த அறிக்கையும் இந்தத் திசையில்தான் போகிறது. வெல்ஷ் அடர்த்தியாகப் பேசப்படும் பகுதிகளைத் தனியாக அடையாளம் கண்டு, வீடு, திட்ட அனுமதி, கல்வி, பொருளாதாரம் ஆகியவற்றில் அந்தப் பகுதிகளுக்கென்று வேறு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது அது. நாடு முழுதுக்கும் ஒரே விதி என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கார்டிஃபில் ஒரு வீடு விற்பதும் லித்வைனில் ஒரு வீடு விற்பதும் ஒரே விளைவைத் தருவதில்லை. அங்கே நூறாயிரத்தில் ஒன்று. இங்கே பள்ளியின் ஒரு மேசை, பேருந்தின் ஒரு இருக்கை, கமிட்டியின் ஒரு குரல். இந்த வேறுபாட்டைச் சட்டம் ஏற்றுக்கொண்டால், அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் 2031க்குள் சில ஊர்களையாவது நிலைநிறுத்த அவகாசம் இருக்கிறது.